0.01 வரை காட்டும் பேனாவும் 0.1 இறங்கிய கடலும்

சென்ற மாதம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், மின்னணுப் பொருள் விற்கும் சின்னக் கடையொன்றில் பிஎச் மானி வாங்கினேன். ஒரு திரவம் அமிலமா மூலமா என்று எண்ணில் காட்டும் கருவி அது: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே மூலம். மஞ்சள் நிறம், பேனா அளவு. மேலே சிறிய திரை, கீழே மூடிக்குள் கண்ணாடிக் குமிழ், முதுகில் ஒரு திருகாணி. தயாரித்தவர் பெயர் உறையில் எங்கும் இல்லை. 2,900 ரூபாய் சொன்னார்கள், 2,750க்குத் தந்தார்கள். 31 ஆண்டு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். என் காலத்தில் பாடசாலையின் பிஎச் மானி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். திறப்பு அதிபரிடம் இருக்கும். அதிபர் எப்போதும் கூட்டத்தில் இருப்பார். ஆகவே சொந்தமாக ஒன்று கையில் கிடைத்ததும் பேரனைவிட எனக்குத்தான் புளுகம் கூட.

பேரன் தரம் 10. விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு அவனுக்கு விழுந்த தலைப்பு, கடல் அமிலமாதலும் முருகைக்கற்பாறைச் சமுதாயமும். முருகைக்கற்பாறையைப் பவளப்பாறை என்றும் எழுதுகிறார்கள். நெடுந்தீவில் பிறந்த எனக்கு அது முருகைக்கல்தான். எங்கள் வளவைச் சுற்றி நின்ற மதில் முழுவதும் சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல். அந்தக் கல்லின் பொந்துகளுக்குள் விரலை விட்டு ஓணான் தேடி வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, கடல் ஐந்து நிமிட நடை. கடல்நீரை அள்ளிவந்து அளந்து, எவ்வளவு அமிலமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது பேரனின் திட்டம். அந்தத் திட்டத்துக்கு இந்தப் பேனா எவ்வளவு பயன்பட்டது என்பதையே எழுத வந்தேன்.

"எதுவரை காட்டும் தம்பி?" என்று கடைப் பையனைக் கேட்டேன். "0.01 வரை காட்டும் அன்ரி. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. காட்டும். ஆனால் அறிவுறுத்தல் தாளின் பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் வழு ±0.1 என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவான இழிவெண்ணிக்கை வேறு, அது பிழைக்கக்கூடிய அளவான வழு வேறு என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! செக்கன் முள் உள்ள மணிக்கூடும் ஐந்து நிமிடம் பிந்தி ஓடலாம். திரையில் இரண்டு தசமதானம் தெரிந்தால் இரண்டு தசமதானமும் உண்மையென்று நம்புவது மனிதச் சுபாவம், விற்பவனுக்கு அது வசதி.

உறைக்குள் தாங்கற்கரைசல், அதாவது மானியைச் சரிபார்க்க உதவும் பிஎச் தெரிந்த கரைசல், தயாரிக்கும் தூள் மூன்று பொதி இருக்க வேண்டும்: 4.01, 6.86, 9.18. எனக்குக் கிடைத்ததில் 9.18 இல்லை. கடல்நீர் அளப்பவளுக்கு வேண்டியதே அதுதான். மறுநாள் 101 பஸ்ஸில் திரும்பிப் போய்ச் சொன்னேன். பையன் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு பெட்டியை உடைத்து அந்தப் பொதியை எடுத்துத் தந்துவிட்டான். அந்தப் பெட்டியை அடுத்து வாங்கப்போகிறவரின் கதி என்ன என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். கடைக்கு இந்த ஒரு விடயத்தில் நல்ல பெயர் கொடுக்கலாம்.

காலி வீதி எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரில் தூளைக் கரைத்தோம். 6.86 கரைசலில் குமிழை அமிழ்த்தி, திரை அந்த எண்ணைக் காட்டும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். மூக்குக்கண்ணாடி திருத்தும் திருப்புளிதான் பொருந்தியது. மயிரிழை திருப்பினால் எண் துள்ளிக் குதிக்கிறது. பேரன் நாக்கைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் போராடி 6.86இல் நிறுத்தினான். பிறகு கழுவி 9.18 கரைசலில் வைத்தோம். 9.05 காட்டியது. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை நழுவுகிறது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய இதில் வழியில்லை. கடல்நீரின் பெறுமானம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

மாலையில் தண்டவாளத்தைக் கடந்து இறங்கினோம். கால்வாய் கடலில் விழும் இடத்தில் ஒரு போத்தல், அங்கிருந்து தள்ளிப் பாறைப் பக்கம் ஒரு போத்தல். கால்வாய் வாயில் 7.6 காட்டியது. அது கொழும்பு அனுப்பும் கழிவுநீரின் கணக்கு. கடலை அமிலமாக்கக் காற்றிலிருந்து அதற்குள் போகும் காபனீரொட்சைட்டு வாயுவின் கணக்கல்ல. அதை ஒதுக்கிவிட்டுப் பாறைப் பக்கத்து நீரை எடுத்தோம். முதல் வாசிப்பு 8.21. கழுவி மறுபடி வைத்தால் 8.07. மூன்றாம் முறை 8.15.

"அம்மம்மா, பத்து நிமிடத்தில் கடல் அமிலமாகிவிட்டது!" என்றான்.

சிரித்தேன். பிறகுதான் அந்த நகைச்சுவையின் கனம் தெரிந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர் கடல் மேற்பரப்பின் சராசரிப் பிஎச் ஏறத்தாழ 8.2. இப்போது ஏறத்தாழ 8.1. வளிமண்டலக் காபனீரொட்சைட்டு மில்லியனில் 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்டியிருக்கிறது. நாம் வெளிவிடுவதில் நாலில் ஒரு பங்களவைக் கடல் விழுங்கியிருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்தக் கதை முழுவதும் என் பேனாவின் வழுவுக்குள் அடங்கிப் போகிறது. ஹவாய்க்கு அருகே திறந்த கடலின் மேற்பரப்பில் 1988 முதல் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 0.002 இறங்குகிறது. இந்தப் பேனாவின் கண்ணுக்கு அது தட்டுப்பட ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். பற்றரி ஆறு மாதம் வரும் என்று உறையில் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆய்வாளர்கள் கண்ணாடிக் குமிழை நம்புவதில்லை. மெற்றா கிரெசோல் ஊதா என்ற காட்டியை, பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயத்தை, கடல்நீரில் விட்டு, நிறம் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாம் தசமதானம் வரை பேச முடிகிறது. சரிபார்க்கும் நியமக் கரைசலையும் கடல் உப்புச் சேர்த்தே தயாரிப்பார்கள், ஏனெனில் உப்புச் செறிவு மாறினால் கண்ணாடிக் குமிழ் மின்வாய் வேறு கதை சொல்லும். என் தூள் பொதிகள் நன்னீருக்கு உரியவை.

அப்படியானால் 0.1 என்பது அற்ப மாற்றம்தானே என்று பேரன் கேட்டான். அயலவர்களும் கேட்பார்கள். மடக்கை அளவிடை செய்யும் மாயம் இது. பத்து மடங்கு மாற்றமும் அதில் ஒரே ஓர் அலகாகத்தான் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாடகை மாதம் 1 இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். வீட்டுக்காரர் அதை 1,26,000 ஆக்குகிறார். வாடகையை மடக்கையில் எழுதினால் 5.0 என்றிருந்தது 5.1 ஆகியிருக்கிறது, அவ்வளவே. "வெறும் 0.1 தானே கூட்டினேன்" என்று அவர் சொன்னால் யாராவது சும்மா இருப்போமா? கடலில் அமிலத்தன்மையைத் தரும் ஐதரசன் அயன்கள் கூடியதும் ஏறத்தாழ அதே விகிதம். முருகைக்கல் குடியிருப்போருக்குக் கிடைத்திருப்பது அப்படியான வாடகை உயர்வு.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது கீழ்மாடி ஐயா வந்து, "அந்தக் கப்பலில் கொண்டுவந்த அமிலம்தானே ரீச்சர்?" என்றார். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது உண்மை. ஒரு வாரம் கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகளைப் பொறுக்கியவர்கள் நாங்கள். அது மனதை விட்டுப் போகாது. ஆனால் அது வேறு, இது வேறு. இங்கே யாரும் அமிலத்தைக் கொட்டவில்லை. கடல் இன்னும் மூலப் பக்கத்தில்தான் நிற்கிறது. அமிலப் பக்கமாக நகர்கிறது என்பதற்காகவே அமிலமாதல் என்கிறோம். எலுமிச்சம்புளியில் முருகைக்கல் துண்டைப் போட்டு நுரைக்க வைத்துக் காட்டலாம் என்று பேரன் ஆசைப்பட்டான். நெடுந்தீவு மதில் இடிந்தபோது எடுத்துவந்த ஒரே ஒரு துண்டு என் மேசையில் கடதாசிப் பாரமாக இருக்கிறது; அதைத் தரமாட்டேன் என்றேன். முட்டைக் கோதைக் கொடுத்தேன். கூடவே, அந்தக் காட்சி பிழையான கருத்தைத் தரும் என்றும் சொன்னேன். இன்றைய கடலில் கட்டி முடித்த வீடு கரைந்து விழவில்லை. கல்லும் சாந்தும் கிடைப்பதுதான் அரிதாகிறது.

பேனாவின் உண்மையான திறமை வெளிப்பட்டது அடுத்த பரிசோதனையில். அரை முகவை கடல்நீர் எடுத்து, உறிஞ்சுகுழாயால் அதற்குள் ஊதச் சொன்னேன். நாம் வெளிவிடும் மூச்சில் 4 வீதமளவு காபனீரொட்சைட்டு. எண் 8.1இலிருந்து கண்முன்னே சரிந்தது. 7.8, 7.5, 7.2... பேரன் மூச்சு வாங்கி நிறுத்தியபோது 6.9. ஓர் அலகுக்கு மேல் மாற்றம் என்றால் ±0.1 பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? அதே முகவையை மூடாமல் சமையலறை யன்னலில் வைத்தோம். மறுநாள் காலை 7.9க்கு ஏறியிருந்தது. உள்ளே போன வாயு வெளியே வந்துவிட்டது. வெளியே காற்றில் அந்த வாயு கூடிக்கொண்டே போனால் திரும்பிவர வழியிருக்காது என்பதை நான் சொல்லவே தேவைப்படவில்லை, அவனே சொன்னான். இந்த ஒரு காட்சிக்காக 2,750 ரூபாய் கொடுக்கலாம்.

உள்ளே நடப்பது இது. வாயு நீரோடு சேர்ந்து காபோனிக் அமிலமாகி, ஐதரசன் அயனை விடுகிறது. அந்த அயன் கடலில் உள்ள காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக்கிவிடுகிறது. முருகை உயிரி எலும்பு கட்ட வேண்டியது கல்சியமும் காபனேற்றும். கல்சியம் தாராளமாக இருக்கிறது. குறைவது காபனேற்று. அதனால் அந்த எலும்பின் அரகனைற்றுப் பளிங்கு, கல்சியம் காபனேற்றின் ஒரு வடிவம், படிவது கடினமாகிறது.

உயிரி சும்மா இருந்துவிடுவதில்லை. எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளத்தில் எந்நேரமும் நீர் கசியும். இறைக்க ஒரு மோட்டார் இருக்கிறது. வெளியே நீர்மட்டம் ஏறினால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், மின்கட்டணம் ஏறும், தளம் என்னவோ காய்ந்தே இருக்கும். முருகையும் அப்படியே. எலும்பு படியும் சின்ன இடைவெளியிலிருந்து ஐதரசன் அயன்களை ஓயாமல் வெளியே இறைத்து, அந்த இடத்தின் பிஎச்சை வெளிக்கடலைவிட உயர்த்தி வைத்திருக்கிறது. வெளியே பிஎச் இறங்க இறங்க இறைக்கும் செலவு கூடும். அந்தச் செலவுக்குப் பெரும்பங்கு சத்தைத் தருவது அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி. கடல் சூடாகும்போது முருகை அந்தப் பாசியை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. 2022இல் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்களில் எங்கள் நிலக்கீழ்த் தளம் என்ன ஆனது என்று இந்தத் தொடர்மாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீர்மட்டம் ஏறும் காலத்திலேயே மின்வெட்டும் வருவதுதான் முருகைக்கு வாய்த்திருக்கும் விதி.

வெளிறலை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரயிலில் ஹிக்கடுவை போய், கண்ணாடி அடிப் படகில் குனிந்து பார்த்தபோது மான்கொம்புக் கிளைகளுக்குள் நீல மீன் கூட்டம். 1998 வெளிறலுக்குப் பிறகு போனேன். கிளைகள் சாம்பல் நிறச் சிதிலங்களாகக் குவிந்து கிடந்தன. அதற்குமுன் பல ஆண்டுகளாக அந்தக் கரையில் முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார்கள். சுடும்போது என்ன நடக்கிறது? கல்லுக்குள் அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு காற்றுக்குப் போகிறது. சீமெந்துத் தொழிற்சாலையிலும் சுண்ணக்கல்லுக்கு நடப்பது அதுதான். காலி வீதியின் இருபுறமும் எழும்பிக்கொண்டே போகும் மாடிகளை, நான் இருக்கும் மாடியையும் சேர்த்தே, இந்தக் கணக்கில் எழுதச் சொன்னேன்.

பேரனின் தலைப்பில் சமுதாயம் என்ற சொல் இருந்ததே, பாறையில் சேர்ந்து வாழும் உயிரிகள் எல்லாம் என்று பொருள், அதற்கு வருகிறேன். பப்புவா நியூகினியின் மில்ன் குடாவில் கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழியிடும் இடங்கள் உள்ளன. அநேகமாகத் தூய காபனீரொட்சைட்டு. பக்கத்திலேயே சாதாரணக் கடல். இயற்கையே வைத்துக் கொடுத்த ஆய்வுகூடம். 2011இல் வெளியான ஆய்வில் கண்டது: பிஎச் 7.8 அளவில் முருகை மூடியிருக்கும் பரப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கிளைவிடும் இனங்கள் குறைந்து, போரைட்டீஸ் எனும் பாறாங்கல் போன்ற உருண்டை இனம் ஆதிக்கம் செலுத்தியது. பரப்பை மட்டும் எண்ணினால் நட்டமில்லை. சந்து பொந்துகள் போய்விட்டன. நண்டும் இறாலும் குஞ்சு மீனும் ஒளிய இடமில்லை. என் நெடுந்தீவு மதிலை இடித்துவிட்டுச் சீமெந்துச் சுவர் எழுப்பினால் ஓணானுக்கு நேர்வது அதுவே. 7.7க்குக் கீழே பாறை உருவாவதே நின்றுவிட்டது.

இன்னொரு குடியிருப்பாளரையும் மறக்கக்கூடாது. பாறைகளை இளஞ்சிவப்பாகப் பூசியிருக்கும் சுண்ணப்பாசி. உடைந்த துண்டுகளை ஒட்டிப் பிடிக்கும் கொத்தனார் அது. மிதந்துவரும் முருகைக் குடம்பிகளுக்கு "இங்கே இறங்கலாம்" என்று சைகை காட்டுவதும் பெரும்பாலும் அதுதான். அதன் சுண்ணாம்பில் மகனீசியம் கூட, எளிதில் கரையக்கூடியது. அமிலமாதலில் முதலில் அடி வாங்குவோர் வரிசையில் அது நிற்கிறது.

கடல் அமிலமானால் கோமாளி மீன் மோப்பம் மறந்து வீட்டுக்கு வழி தெரியாமல் அலையும் என்று பேரன் எங்கோ பார்த்து எழுதியிருந்தான். 2009 ஆய்வு அப்படித்தான் சொன்னது. 2020இல் வேறு குழு பல முருகைக்கல் மீன்களை வைத்து அத்தகைய நடத்தை மாற்றங்களைச் சோதித்தபோது அவ்வாறான பெரிய விளைவு எதையும் காணவில்லை. இரண்டையும் எழுத வைத்தேன்.

பேனாவோடு ஒப்பிட இன்னொரு பொருளையும் வாங்கினேன். தெஹிவளையில் அலங்கார மீன் கடையொன்றில் காரத்தன்மை அளக்கும் சொட்டுக் கரைசல். காரத்தன்மை என்பது பிஎச் அல்ல, நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கிச் சமன்செய்யும் என்ற அளவு. 5 மில்லிலீற்றர் கடல்நீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மஞ்சளாகும் கணத்தில் எண்ணிக்கையை நிறுத்த வேண்டும். ஆய்வுகூடத்தில் அளவி என்ற குழாயால் துளித்துளியாக விட்டுச் செய்யும் நியமிப்புத்தான், அளவி இல்லாத நியமிப்பு. ஏழாவது சொட்டில் மஞ்சளானது. மூன்று முறையும் ஏழு. ஊதுவதற்கு முன்னும் ஏழு, ஊதிய பின்னும் ஏழு; காபனீரொட்சைட்டு பிஎச்சை இறக்கும், மொத்தக் காரத்தன்மையைத் தொடாது. ஆனால் முருகை எலும்பு கட்டும்போது காரத்தன்மை குறையும். அந்தக் குறைவை வைத்தே பாறை எவ்வளவு வளர்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் வன் ட்ரீ தீவில் பாறைமேல் ஓடிய கடல்நீரின் வேதியலைத் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலைக்குத் திருப்பியபோது சுண்ணமாக்கம், அதாவது பாறை கட்டப்படும் வேகம், ஏறத்தாழ 7 வீதம் கூடியது. 2016இல் அறிக்கை வந்தது. நூற்றாண்டு இறுதியில் எதிர்பார்க்கும் அளவுக்குக் காபனீரொட்சைட்டைக் கூட்டியபோது 34 வீதம் குறைந்தது, அது 2018. திரையும் பற்றரியும் இல்லாத இந்தச் சொட்டுப் போத்தல்தான் என் பார்வையில் கூடுதல் நேர்மையானது.

செயற்றிட்ட முடிவுரையில் பேரன், "எங்கள் கருவியின் வழு, கடலில் இதுவரை நிகழ்ந்த மாற்றத்துக்குச் சமம். ஆகவே வெள்ளவத்தைக் கடல் அமிலமாகியுள்ளதா என்பதை எங்கள் வாசிப்புகளால் கூற முடியாது" என்று எழுதினான். பெறுபேறு இல்லை என்று மூன்று புள்ளி வெட்டிவிட்டார்கள். என் வகுப்பில் அதே வசனத்துக்கு ஐந்து புள்ளி கூடப் போட்டிருப்பேன்.

வாங்குவோருக்குச் சில வார்த்தை. மூன்று பொதியும் உள்ளே இருக்கின்றனவா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். குமிழைக் காயவிடாதீர்கள், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுவதும் அதைக் கெடுக்கும், பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல்தான் சரி. மூடி இரண்டாம் வாரமே தளர்ந்து ஒழுகத் தொடங்கியது; மூடியைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டிருக்கிறேன். கடலின் நிலையைத் தீர்மானிக்க வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

இப்போது அது சமையலறையில் இருக்கிறது. நேற்றிரவு அரைத்து வைத்த தோசை மா 6.2, இன்று காலை 4.6. இந்த வேலைக்கு அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குமிழில் ஒட்டிய உளுந்தைக் கழுவுவதுதான் பாடு.